பதினேழாவது உருப்படி

அட்டைப் பெட்டியின் மேல் ஒட்டிய பழுப்பு டேப்பை உரிக்கும்போது ஒரு சத்தம் வரும். துணி கிழிவதுபோல் தொடங்கும், அலறலாக ஏறும், முனை வந்ததும் சட்டென்று நின்றுபோகும். தூத்துக்குடியில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே பார்சல் கடை. காலை ஒன்பதரைக்கு முதல் டேப் கிழியும். மக்ரூன் டப்பாவும் நெத்திலிக் கருவாடும் ஊர் ஊராகப் புறப்படும். கீழே சத்தம் கேட்டதும் என் கை தன்னால் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவைத் தேடும். ஓய்வுபெற்ற பிறகும் கைக்கு ஓய்வு தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம் அந்தச் சத்தம் ஓய்ந்த இடத்தில்தான் என் வேலை தொடங்கியது. வளைகுடா நகரம் ஒன்றில், நம் நாட்டுத் துணைத் தூதரகத்தில், அங்கே இறந்துபோன நம்மவர்களின் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியல் எழுதி, உரியவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பது என் உத்தியோகம்.

போன வாரம் ஃபர்சானா அழைத்தார். காயல்பட்டினத்துப் பெண். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவர்தான்.

“சார், இனிமே காகிதம் எதையும் பெட்டியில வெச்சு அனுப்ப வேணாம்னு பேச்சு ஓடுது. நோட்டு, கடுதாசி, டைரி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வாரிசுக்கு மெயில்ல அனுப்பிட்டு, அசலை மெஷின்ல போட்டு அழிச்சிரலாமாம். எடை கொறையும், வேலையும் கொறையும்ங்காங்க. செக்‌ஷன்ல எல்லாரும் கருத்து எழுதிக் குடுக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?”

“யோசிச்சுச் சொல்லுதேம்மா.”

“நீங்க யோசிக்கிற ஆளா சார்? கேட்டா கட்டுரையே எழுதிருவீங்கன்னு தெரிஞ்சுதானே கேக்குறேன்” என்று சிரித்தார்.

எழுதிவிட்டேன். இதுதான் என் கருத்து. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளவும்.

நான் சாத்தான்குளத்துக்காரன். நாசரேத்தில் படித்தவன். வாத்தியார் மகன். ஊர் மண் சிவப்பு. காற்று அடித்தால் மணல்மேடு இடம் மாறும். என் காலும் அந்த மண்ணைப்போலவே ஓரிடத்தில் நிற்காது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், கையில் ஒரு கவிதை நோட்டு, இரண்டையும் வைத்துக்கொண்டு இருபத்தைந்து வயதில் விமானம் ஏறினேன். தூதரகத்தில் நான்கு வருடம் பாஸ்போர்ட் கவுன்டரில் முத்திரை குத்தினேன். பிறகு மரணப் பிரிவில் ஓர் இடம் காலியானது. அதற்கு யாரும் மனுப் போடவில்லை. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னை அங்கே தள்ளினார்கள். கவிஞனுக்கு ஏற்ற இடம் என்று கேலியும் செய்தார்கள். முதல் மூன்று மாதம் நான் சோறு சரியாகத் தின்னவில்லை. அந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

பிரிவின் அதிகாரி சரோஜினி மேடம். பாலக்காட்டுக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார், வாக்கியத்தின் வாலில் மட்டும் மலையாளம் எட்டிப் பார்க்கும். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் கண்ணாடியைப் பார்த்தே வானிலை அறிந்துகொள்வோம்.

பெட்டி திறப்பதற்கென்று அவரிடம் ஒரு முறை இருந்தது. மேஜையில் வெள்ளை விரிப்பு விரிக்க வேண்டும், ஒரு சட்டைப் பொத்தான் உருண்டாலும் கண்ணில் படும்படி. அறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். கைகழுவிவிட்டு வந்து நிற்பார். மூடியின் மேல் விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டுவார், வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. ஒரு கணம் காத்திருப்பார். அதன் பிறகுதான் நான் டேப்பை உரிக்கலாம்.

“யாரு மேடம் உள்ள இருக்காவ?” என்று முதல் நாள் கேட்டுவிட்டேன்.

“உள்ளே ஆளில்லைன்னு நினைச்சிட்டுத் திறக்கிறவன் இந்த மேஜைக்கு வேணாம், கேட்டோ” என்றார்.

உடுப்பின் பைகளை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். புத்தகத்தை முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதற வேண்டும், நோட்டு என்றால் தாள்களை எண்ண வேண்டும். பட்டியலில் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். மோதிரத்தைப் பார்த்துத் தங்கம் என்று எழுதக் கூடாது. மஞ்சள் நிற உலோக மோதிரம், அவ்வளவுதான். உரசிப் பார்ப்பது நம் வேலை இல்லை. எனக்கு அது அப்போது வறட்சியாகப் பட்டது. உலகத்தைப் பார்த்ததும் இன்னொன்றாக மாற்றிச் சொல்லியே பழகியவன் நான். நிலாவை நிலா என்று எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

ஒருமுறை கல்யாணமாகாத ஒரு வெல்டரின் பெட்டியில் சாண் நீளத்தில் ஒரு பட்டுச் சட்டை கிடந்தது. கழுத்தில் சரிகை, கையில் சரிகை. என் மனசு பறந்தது. இங்கே யாரோ ஒருத்தி, எங்கோ ஒரு குழந்தை, ஊருக்குத் தெரியாத ஒரு தொட்டில்! ‘குழந்தைச் சட்டை ஒன்று’ என்று எழுதிவிட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“குழந்தையைப் பார்த்தியா?”

“இல்லை மேடம்.”

“சட்டையைப் பார்த்தே. அளவெடுத்து எழுது.”

பட்டுத் துணியில் தைத்த சிறு சட்டை, நீளம் ஒரு சாண் என்று திருத்தினேன். பிறகு அவருடைய அம்மாவிடம் போனில் வாசித்தபோது அந்தக் கிழவி விம்மினார். “குழந்தை ஏசு சொரூபத்துக்கு நேந்துக்கிட்டான் சார். லீவுக்கு வரும்போது கோயில்ல சாத்தணும்னு தச்சு வச்சிருக்கான்.” நான் எழுதிய ஒரு சொல் அப்படியே போயிருந்தால் அந்த வீட்டில் என்ன புகைந்திருக்கும் என்று நினைத்து அன்று முழுதும் வேர்த்தேன்.

போனில் வாசித்தேன் என்றேனே, அது எந்தக் கையேட்டிலும் இல்லாத, மேடத்தின் சொந்த வழக்கம். உடல் முதலில் போய்விடும். அதற்குப் போலீஸ் கடிதம், மருத்துவமனைச் சான்று, ரத்துசெய்த பாஸ்போர்ட், குடும்பத்தின் சம்மதக் கடிதம் என்று ஓட்டமாக ஓடுவோம். பெட்டி பின்னால்தான் போகும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வந்த பிறகு. அரக்கு முத்திரை வைப்பதற்கு முன்னால் வாரிசை அழைத்து, பட்டியலை முதல் உருப்படியிலிருந்து கடைசி உருப்படிவரை சத்தமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ‘சரி’ சொல்ல வேண்டும். மேடம் எதிரில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்பார். “பெட்டி அங்கே போய்ச் சேரும்போது அவங்களுக்கு அது புதுசா இருக்கக் கூடாது. அழறதை ரெண்டாப் பிரிச்சுக் கொடுக்கிறோம்” என்பார்.

இனி சந்தியாகு.

திருச்செந்தூருக்குப் பக்கத்து ஆலந்தலை. அரபிக்காரர் ஒருவரின் மீன்பிடிப் படகில் வேலை. துறைமுகத்தில் வலை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நாற்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். உடலை ஊருக்கு அனுப்பி, அங்கே அடக்கமும் முடிந்தது. சில வாரம் கழித்துப் படகுச் சொந்தக்காரர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வாரிசுச் சான்றிதழும் வந்திருந்தது: மனைவி அமலோற்பவம், இரண்டு பெண் பிள்ளைகள்.

பெட்டி வந்த காலையில் எனக்கு ஊரிலிருந்து ஒரு போன்.

“அண்ணாச்சி, நான் மிக்கேல் பேசுதேன். சந்தியாகு தம்பி. அண்ணன் பெட்டியில சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஒண்ணு இருக்கும். அத மட்டும் எனக்குத் தனியா அனுப்பிருங்க. மத்ததெல்லாம் மதினிக்குத்தான். அண்ணன் கையெழுத்துல்லா, ஞாபகத்துக்கு வச்சுக்கிடலாம்னு.”

குரல் கரகரத்தது. நானும் இளகிப்போனேன். “பாக்குதேன் தம்பி” என்றேன்.

அன்று மேடம் வேறொரு சாவு விஷயமாக மருத்துவமனைக்குப் போயிருந்தார். அவர் வருகிறவரை காத்திருக்கலாம். என் கால் எங்கே காத்திருக்கும்? டிரைவரையும் பியூனையும் சாட்சிக்கு நிறுத்தி, தட்டாமல் டேப்பை உரித்தேன். கைலி, சட்டை, கழுத்தில் போடும் மாதா உத்திரியம், தைலப் புட்டி. சவரப் பெட்டிக்கு மேலே, பாலித்தீன் உறையில் சுற்றிய சிவப்பு அட்டை நோட்டு.

பிரித்தேன். நின்றபடியே இருபத்துமூன்று பக்கமும் வாசித்தேன். அதிலிருந்து சில வரி இங்கே:

*வாடைக்குப் போ.*
*பனை கோயிலை மறைக்கும்வரை போ.*
*மறைத்ததும் திரும்பு.*
*வெள்ளை வீடு இன்னும் பிறக்கவில்லை.*
*பிறந்ததும் கல்லைப் போடு.*

இவை அந்த நோட்டில் உள்ள வரிகள் அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பனை, கோயில், வீடு, திசை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு யாராவது புறப்பட்டால் வெறும் மணலில்தான் கல்லைப் போடுவார்கள். ஏன் மாற்றினேன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

இருபத்தைந்து வருடமாக நான் முக்கி முக்கி எழுதியும் வராத ஒன்று, வலை இழுத்த கையில் தானாக வந்திருக்கிறது! வீடு பிறக்கிறது என்கிறான், பிறந்ததும் கல்லைப் போடு என்கிறான். மரணத்தை முன்கூட்டியே பார்த்தவன் எழுத்து என்று முடிவே கட்டிவிட்டேன். மூன்று பக்கத்தை என் கையால் படியெடுத்தேன். மதுரையிலிருந்து வரும் சிறுபத்திரிகை ஒன்றுக்கு, ‘பெயர் தெரியாத கடலோடியின் கவிதைகள்’ என்று தலைப்பிட்டு, உறையில் போட்டு, ஊருக்குப் போகும் தபால் தட்டில் வைத்தேன்.

பட்டியலை முதலில் பென்சிலில் எழுதுவது வழக்கம், மேடம் பார்த்த பிறகு மையில். பதினேழாவது உருப்படியாக நோட்டை எழுதியிருந்தேன். மிக்கேலின் குரல் காதில் இருந்தது. வெறும் கவிதைதானே, தம்பிக்கும் அண்ணன்மேல் உரிமை உண்டே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு, ரப்பரால் அந்த வரியை அழித்தேன். சவரப் பெட்டி பதினேழாவது ஆயிற்று. நோட்டு என் மேஜை டிராயருக்குள் போயிற்று. அடுத்த வாரம் தூத்துக்குடிக்கு விடுப்பில் போகும் நண்பரிடம் கொடுத்துவிடத் திட்டம்.

மறுநாள் காலை பதினொன்றரைக்கு ஆலந்தலைக்கு அழைத்தோம். மேடம் எதிரில், பட்டியல் என் கையில்.

“அமலோற்பவம் அம்மாவா?”

“அமலின்னே சொல்லுங்க சார்.”

“நான் வாசிக்கேன், நீங்க சரின்னு சொல்லிக்கிட்டே வரணும். ஒண்ணு, நீலக் கட்டம் போட்ட கைலி, ரெண்டு.”

“ஒண்ணுல ஓரத்துல தையல் இருக்கா சார்?”

எழுந்து போய்ப் பார்த்தேன். “இருக்கும்மா.”

“நான் தச்சது. சரி சார், சொல்லுங்க.”

இப்படியே போயிற்று. தைலப் புட்டிக்குச் சரி. உத்திரியத்துக்குச் சரி சொல்ல நேரமானது. பதினேழு, சவரப் பெட்டி, சரி. பதினெட்டு, ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, சரி.

“அவ்வளவுதாம்மா.”

“அவ்வளவுதானா?”

“ஆமா.”

“இல்லையே சார். ஒரு நோட்டு இருக்கணுமே. சிவப்பு அட்டை.”

மேடம் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பென்சில் பட்டியலை மெல்ல வாங்கிப் பதினேழாவது வரியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ரப்பர் தேய்த்த இடம் தாளில் ஒரு தழும்புபோல மினுங்கியது. கண்ணாடியைக் கழற்றினார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். படகுக்காரன் எடுத்திருப்பான் என்று அந்தப் பெண் நம்பிவிடுவாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது என்பதை இன்றைக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன்.

“இருக்கும்மா” என்றேன். “என்கிட்ட இருக்கு.”

“உங்ககிட்டன்னா?”

“உங்க கொழுந்தன் மிக்கேல் ஞாபகத்துக்கு வேணும்னு கேட்டாரு. வெறும் பாட்டுத்தானேன்னு எடுத்து வச்சேன்.”

எதிர்முனையில் சிரிப்பா, அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம்.

“பாட்டா? எங்க வீட்டு அவிய பூசையிலகூட வாயத் தொறந்து பாடுனதில்ல சார். அது கணியம்.”

“கணியம்னா?”

“உங்களுக்கு எந்த ஊரு?”

“சாத்தான்குளம்.”

“அதான்” என்றார் அமலி. “மணல்காட்டு ஆளு.”

ஆலந்தலைக்கும் என் ஊருக்கும் பஸ்ஸில் போகிற தூரம்தான். அத்தனை பக்கத்தில் பிறந்தும், கடலை வெறும் படமாகப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். அவர்தான் சொல்லித் தந்தார், பிள்ளைக்குச் சொல்வதுபோல. கடலுக்குள் மீன் தங்கும் பாறைத்திட்டுக்குப் பார் என்று பெயர். மேலே தண்ணீர்தான், அடையாளம் கிடையாது. அதனால் கரையைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பனையும் ஒரு கோயில் உச்சியும் ஒரே கோட்டில் வர வேண்டும். பக்கவாட்டில் இன்னும் இரண்டு அடையாளம் ஒன்றையொன்று தாண்டி வெளியே வர வேண்டும், அதுதான் பிறப்பது. இரண்டு கோடும் சேரும் இடத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால் அடியில் பார். அந்தக் கணக்குத்தான் கணியம். சந்தியாகுவின் முன்னோர்கள் முத்துச் சிப்பிக்கு முங்கிய காலத்துப் பார் அது. இப்போது விளமீனும் களவாவும் கிடைக்கிற இடம். தகப்பன் மூத்த மகனுக்குப் படகில் வைத்துச் சொல்வான். கரையில் பேச்சே கிடையாது, காகிதத்தில் ஏற்றவும் மாட்டார்கள்.

“பின்ன ஏன் எழுதுனாரு?”

“எங்களுக்கு ரெண்டும் பொட்டப் புள்ளையா போச்சுல்லா. எனக்கு ஏதும் ஆனா நோட்ட நீ வச்சுக்க, எவன் பாருக்குப் போனாலும் உன்கிட்ட வந்து கேட்டுத்தான் போணும்னு போன்ல சொன்னாவ. அது கையில இருந்தா இந்த வீட்டுல நான் சந்தியாகு பெஞ்சாதி சார். இல்லன்னா புள்ளையள கூட்டிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போக வேண்டியவ. மிக்கேலு கெட்டவன் இல்ல. ஆனா அது அவன் கைக்குப் போய்ட்டா நான் யாரு?” பிறகு கேட்டார்: “சார், நோட்ட வேற யாரும் பாத்தாவளா? எழுதி எடுத்தாவளா?”

மணி பதினொன்றே முக்கால். ஊர்த் தபால் பையைப் பன்னிரண்டுக்குக் கட்டுவார்கள்.

“நான் எடுத்தேம்மா. பத்து நிமிஷம் லைன்லயே இருங்க.”

மாடிப்படியில் நான் இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. தபால் பிரிவில் பை வாயைச் சுருக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள். “கட்டுன பைய அவுக்க மாட்டேன்வே” என்றார் எங்கள் தபால் அண்ணாச்சி, முக்காணி ஊர்க்காரர். “இன்னும் முடிச்சுப் போடலல்லா!” என்று கத்தி, பைக்குள் முழங்கைவரை கையை விட்டு அந்த உறையைப் பிடுங்கினேன். “என்ன, காதல் கடுதாசியா? இந்த வயசுல?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நின்று பதில் சொல்ல நேரமில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். நான் போனதும், ஸ்பீக்கரில் கேட்ட கணியத்தை அமலி மேடத்துக்கு மறுபடி விளக்கியிருக்கிறார். பாதி புரிந்தாலும் அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எழுந்து, தொலைபேசியை அதன் கம்பி நீளும் மட்டும் இழுத்து, காகிதம் அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் உறையைப் பிரித்து மூன்று தாளையும் ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். இயந்திரம் கரகரவென்று தின்றது.

“கேக்குதாம்மா?”

“கேக்குது.”

“அதான் நான் எடுத்த காப்பி. மூணு தாள். வேற இல்ல.”

“சத்தியமா?”

“என் பிள்ளைமேல சத்தியமா.”

“பிள்ளைய எதுக்கு இழுக்கிய? சரி சார்” என்றார். அன்று கேட்ட சரிகளிலேயே கனமான சரி அது.

மேடம் பென்சில் பட்டியலைக் கிழித்தார். புதுத் தாளை என் முன்னால் நகர்த்தினார். பெட்டியிலிருந்த அத்தனையையும், டிராயரிலிருந்த நோட்டையும் சேர்த்து, மறுபடி உள்ளே வைத்து மூடச் சொன்னார். கைகழுவிவிட்டு வந்தார். மூடியில் இரண்டு தட்டு தட்டினார். காத்திருந்தார்.

“முதல்ல இருந்து” என்றார்.

மறுபடி எடுத்தோம், மறுபடி எழுதினோம், மறுபடி போனில் வாசித்தோம். ‘பதினேழு: சிவப்பு அட்டை நோட்டு ஒன்று, நாற்பது தாள், இருபத்துமூன்று பக்கத்தில் தமிழ்க் கையெழுத்து, பாலித்தீன் உறையுடன்.’ கவிதை என்ற சொல் இல்லை. கணியம் என்ற சொல்லும் இல்லை. மேடம் வேண்டுமென்றேதான் விட்டார். பட்டியல் தாசில்தார் அலுவலகம்வரை பலர் கையில் புரளும், அது என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை என்றார். கண்டதை மட்டும் எழுதுவது வறட்சி என்று இருந்தேனே, அது எத்தனை பெரிய காவல் என்று அந்த வரியை மையால் எழுதும்போதுதான் புரிந்தது.

என் மேல் புகார் போகும், வேலை போகும் என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். கிளம்பும்போது மேடம் என் மேஜைப் பக்கம் வந்தார்.

“நீ திருடன் இல்லை. உனக்குப் பிடிச்சுப்போச்சு, அவ்வளவுதான். ஒரு பொருள் பிடிச்சுப்போனா பேனாவைக் கீழே வெச்சிட்டு என்னைக் கூப்பிடு. பிடிச்சவன் பட்டியல் எழுதப்பிடாது.”

அவ்வளவே. அதற்குப் பிறகு அவர் ஓய்வுபெறும்வரை அதைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கவில்லை. அவர் போன பிறகு பத்து வருடம் அந்த மேஜையில் நான் தட்டினேன். பிடித்துப்போன பொருள் பல வந்தன. ஒவ்வொரு தடவையும் பேனாவைக் கீழே வைத்தேன். என் கவிதைகூடக் கொஞ்சம் திருந்தியது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நிலாவை நிலா என்று எழுதிவிட்டு இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன். அந்த மனுஷிக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எந்த உருப்படியில் சேர்த்து எழுதுவது?

மிக்கேலை அழைத்து முடியாது என்று சொன்னதும் என் வேலைதான். “கவர்மென்டு ஆளுவ எல்லாம் ஒண்ணுதாம்வே” என்று போனை வைத்துவிட்டார். அண்ணாச்சி ‘வே’ ஆகிவிட்டேன்.

ஃபர்சானா, என் கருத்து இதுதான். காகிதத்தை எடை போட்டுப் பார்க்காதீர்கள். சில காகிதத்துக்கு மதிப்பு, அது ஒன்றே ஒன்றாக இருப்பதில்தான் இருக்கிறது. ஸ்கேன் எடுத்த கணத்தில் அது இரண்டாகிவிடும், மெயிலில் போனால் எத்தனை ஆகும் என்று கணக்கில்லை. அசலை அழித்துவிட்டு நகலைக் கொடுத்தால், அந்த வீட்டில் யாரோ ஒருத்தியின் இடத்தை அழித்துவிட்டு அதன் படத்தைக் கொடுப்பதாக ஆகிவிடும். எது அப்படிப்பட்ட காகிதம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. மணல்காட்டு ஆட்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் எல்லாவற்றையும் எண்ணி, எழுதி, முத்திரை வைத்து, உரியவர் கைக்கே அனுப்புங்கள். முன்னால் போனில் வாசியுங்கள். அவர்கள் ‘அவ்வளவுதானா’ என்று கேட்கும் அந்த இடைவெளிக்குக் காத்திருங்கள்.

அடுத்த விடுப்பில் ஆலந்தலைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். பெட்டி போய்ச் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அமலியை அப்போதுதான் நேரில் பார்த்தேன். போனில் கேட்ட குரலுக்கு நான் ஓர் உயரமான பெண்ணைக் கற்பனை செய்துவைத்திருந்தேன். என் தோளுக்குக்கூட வரமாட்டார். நீலக் கட்டம் போட்ட கைலியைச் சிறிய மகள் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

சாப்பிடாமல் விடவில்லை. களவா மீன் குழம்பு. கடலிலிருந்து வந்து குளித்துவிட்டு நின்றிருந்த மிக்கேல்தான் எனக்குப் பாய் விரித்தார்.

“அண்ணாச்சி, நீங்க அன்னைக்கு அத எனக்குத் தந்திருந்தா, நான் இப்பிடி டெய்லி இவிய முன்னால கைய கட்டிக்கிட்டு நிக்கணுமா?”

“நில்லேன், என்ன குறஞ்சு போச்சு” என்றார் அமலி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

“ஒரு நாளைக்கு ஒரு வரிதான் சொல்லுதாவ அண்ணாச்சி. பனைய சொன்னா கோயில சொல்ல மாட்டாவ. பாதிக் கடல்ல நின்னு போன் போட்டு, மதினி, அடுத்தது என்னன்னு கேக்கணும்.”

“மொத்தமா சொல்லிட்டா நாளைக்கு யாரு மதினின்னு கூப்புடுவா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு அடியில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டாமல் அந்த வீடு நிமிர்ந்து நின்றது. மிக்கேல் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

நான் கொண்டுபோயிருந்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினேன். அமலி கையைக் காட்டி நிறுத்தினார். “நீங்க அன்னைக்கு இல்லன்னு சொல்லியிருக்கலாம் சார். சொல்லலல்லா. அது போதும்.” பிறகு அலமாரியைத் திறந்து, சந்தியாகப்பர் சொரூபத்துக்குப் பின்னாலிருந்து பாலித்தீன் உறையை எடுத்து, நோட்டை என் கையில் வைத்தார். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன், வீடுகள் பிறப்பதையும் பனைகள் கோயில்களை மறைப்பதையும் இந்தத் தடவை கடலில் நின்று பார்ப்பதுபோல. முடித்து, நோட்டைக் கொடுத்து, கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன். அந்த நேரம் முழுக்க நாங்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவரிடமிருந்து நான் கடைசியாகக் கேட்டது, நோட்டைக் கையில் தரும்போது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான்.

“நல்லா வாசிங்க சார். வாய்க்குள்ளயே வாசிங்க. சுவத்துக்கு அங்கன கொழுந்தன் சாப்புட்டுக்கிட்டு இருக்கான்.”